தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு: கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரு தாள்

மக்களவையில் இருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

யார் எந்தக் கட்சி என்று பார்த்து இதை எழுதவில்லை. எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்து ஊர் திரும்பியதும், நீங்கள் அவையில் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எந்த மசோதாவில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று தமிழில் ஒரே ஒரு தாள் எழுதி வெளியிடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் கேட்கிறான் இவன் என்று தோன்றினால் மேலே படியுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை இருக்கிறது. அதன் நெற்றியில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்றும், ஆண்டும், மதிப்பீட்டுத் தொகையும் எழுதி, அதற்கு மேல் கொட்டை எழுத்தில் உறுப்பினரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவர் பதவியை விட்டு இரண்டு தேர்தல் ஆகிவிட்டது. உட்காரும் கல்லில் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது, மழை வந்தால் ஒழுகுகிறது, பெயர் மட்டும் மங்கவில்லை. ஐந்து ஆண்டுகள் டெல்லிக்குப் போய்வந்த ஒரு மனிதரைப் பற்றி எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் எழுத்து அது ஒன்றுதான். அவையில் அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு ஓட்டுப் போட்ட எனக்கும் தெரியாது.

அந்த வெட்கத்தில்தான் நாடாளுமன்ற மின்னூலகத்தைத் திறந்து பழைய விவாதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு மனிதர் அடிக்கடி எதிர்ப்பட்டார். இரா. செழியன்.

உங்களில் மூத்தவர்களுக்கு அவரை நேரிலேயே தெரிந்திருக்கும். இளையவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை. நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி என்றால் ‘ஓ, அவரா’ என்பார்கள். அண்ணன் மாநில அரசியலில் அமைச்சராக, இடைக்கால முதல்வராக இருந்தவர் என்பதால் அந்தப் பெயர் நின்றது. தம்பி வேலை செய்த இடம் டெல்லி, அதனால் ஊருக்குத் தெரியாமல் போனது. 1923-ல் திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், திராவிட இயக்கத்துக்கு வந்தார். 1962-ல் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குப் போனார். 1967-லும் 1971-லும் கும்பகோணத்திலிருந்து. பிறகு தி.மு.க.விலிருந்து விலகி ஜனதா கட்சிக்குப் போய், 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். மொத்தம் இருபது ஆண்டுகளுக்கு மேல். இதில் ஒரு நாள்கூட அமைச்சர் பதவி இல்லை. (கும்பகோணம் மக்களவைத் தொகுதி என்று ஒன்றே இப்போது இல்லை. 1977 தேர்தலோடு அது மறைந்துவிட்டது. ஆளை மறந்தது போதாதென்று தொகுதியும் போய்விட்டது.)

அமைச்சராகாதவர் இருபது ஆண்டுகள் என்ன செய்தார் என்று கேட்கலாம். கணக்குப் பார்த்தார். 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் அவர். மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என்று 22 பேர் உட்காரும் குழு அது. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு, இந்தப் பணத்தை ஏன் செலவழித்தீர்கள், இந்தப் பணத்தை ஏன் செலவழிக்காமல் விட்டீர்கள் என்று துறைச் செயலாளர்களை வரவழைத்துக் கேட்கும் இடம். கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது. மூடிய அறை. அங்கே நன்றாக வேலை செய்தவர் பெயர் சுவரொட்டியில் வராது. நேரம் போவது தெரியாமல் தடித்தடி அறிக்கைகளைப் படித்துவிட்டு வந்தவருக்குத்தான் அங்கே கேள்வி கேட்கவே வாய் வரும்.

சரி, அவையில் பேசிய ஒரு நாளைப் பார்ப்போம். 1974 ஜூலை 23. கச்சத்தீவு ஒப்பந்தம் ஜூன் கடைசியில் கையெழுத்தாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அதைப் பற்றி அவையில் அறிக்கை தருகிறார். செழியன் எழுகிறார். உணர்ச்சி வசனம் ஒன்றும் இல்லை. நாட்டின் நிலப்பகுதியை எந்த நெறிமுறைப்படி கொடுத்தீர்கள், அவையைக் கேட்டீர்களா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். முடிந்த காரியத்தை வந்து அறிவிக்கிறீர்களே, எங்களை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்கிற கோபம் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. இராமநாதபுரத்து உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவரும் அன்று எதிர்த்தார். அது அவருடைய தொகுதியின் கடல், சேதுபதிகள் பாத்தியதை கொண்டாடிய தீவு. தொகுதிக்காரருக்கு வரவேண்டிய கோபம் அவருக்கு வந்தது, பார்லிமெண்ட்காரருக்கு வரவேண்டிய கோபம் செழியனுக்கு வந்தது. இரண்டும் ஒரே நாளில் ஒரே அவையில் பதிவாகியிருக்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருடமாகத் தேர்தலுக்குத் தேர்தல் கச்சத்தீவு மேடைக்கு வருகிறது. யார் கொடுத்தார்கள், யார் வாய்மூடி இருந்தார்கள் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுகிறோம். அந்த நாளில் நம் உறுப்பினர்கள் பேசியதைத் தமிழில் படித்த வாக்காளர்கள் எத்தனை பேர்? நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மக்களவையின் பழைய விவாதத் தொகுதிகளில் நம் உறுப்பினர் தமிழில் பேசிய நாட்களைத் தேடிப் போனால், அங்கே தமிழ் இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே ஓர் அடிக்குறிப்பு: தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழில் பேசும் உரிமைக்காக அவர் எத்தனை முறை எழுந்து நின்றாரோ தெரியாது, பேசிய தமிழ் காற்றோடு போய் ஆங்கிலம்தான் தாளில் தங்கியது. உரிமையைக் கேட்டு வாங்கினோம், பதிவைக் கேட்டு வாங்க மறந்துவிட்டோம்.

அவையில் பேசுவது வெளியே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு செழியன் காலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1956-ல் நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் பயமில்லாமல் வெளியிட வழிசெய்யும் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் அமைச்சர் இல்லை. ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி, தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அவசரநிலையின்போது, 1975 டிசம்பரில், அவருடைய மனைவியின் அரசு அதை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் கூடிய அவையில் கேள்வி நேரமே கிடையாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆக, உள்ளே கேள்வி கேட்க முடியாது, எதிர்த்துப் பேசினாலும் தணிக்கையைத் தாண்டி அது வெளியே வராது. அந்த நாட்களில் எதிர்த்துப் பேசியவர்களில் செழியன் ஒருவர். எழுந்து பேசியவரின் பேச்சு பக்கத்து நாற்காலியோடு நின்றது. 1977-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அந்தச் சட்டம் திரும்பி வந்தது, 44-வது திருத்தத்தில் அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இடம் பிடித்தது.

அவசரநிலை அத்துமீறல்களை விசாரிக்க நீதிபதி ஜே.சி. ஷா ஆணையத்தை 1977-ல் அமைத்தார்கள். மூன்று அறிக்கைகள் வந்தன. 1980-ல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் பிரதிகள் எல்லாம் புழக்கத்திலிருந்து காணாமல் போயின. பிரதியே இல்லை என்று பலரும் நினைத்திருந்த நிலையில், செழியன் தன்னிடம் இருந்ததை எடுத்து 2010-ல் மறுபடி அச்சேற்றினார். அப்போது அவருக்கு வயது 87. பதவி முடிந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மனிதர் நாடாளுமன்றக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் வீட்டில் பழைய மின்கட்டண ரசீது இரண்டு வருடம் தாங்குவதில்லை.

இதே செழியன்தான் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கடைசிவரை எதிர்த்தவர். 1993 டிசம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது அவர் உறுப்பினர் இல்லை. ஆனாலும் விடவில்லை, கட்டுரை எழுதினார், தனி நூலே எழுதினார். அரசு செலவழிப்பதைச் சரிபார்க்கவேண்டியவர் உறுப்பினர், அவரே செலவழிப்பவராக மாறினால் அவர் கணக்கை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. பொதுக் கணக்குக் குழுவில் உட்கார்ந்தவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? உச்ச நீதிமன்றம் 2010-ல் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அந்த வழக்கு முடிந்தது. செழியனின் கேள்வி எனக்கு முடிந்ததாகத் தெரியவில்லை.

எண்களை வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பங்கிட்டால் ஒன்றுக்கு 83 லட்சம் வரும். அந்த ஆறு தொகுதிக்கும் ஆறு எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தனியாகத் தொகுதி நிதி உண்டு. அப்புறம் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி. நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் போட இத்தனை பேர் இருக்கிறார்கள். 2024-25-ல் ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டம் சுமார் 48 லட்சம் கோடி ரூபாய். உங்கள் 5 கோடி அதில் ஒன்பதரை லட்சத்தில் ஒரு பங்கு. அந்தப் பெரிய தொகைக்கு அனுமதி கொடுக்கும் கை உங்களுடையது. அதைப் பற்றி அவையில் கேட்க எங்கள் தொகுதிக்கு உங்களை விட்டால் மக்களவையில் வேறு ஆள் கிடையாது. 2023-ல் எல்லா அமைச்சகங்களின் செலவு ஒதுக்கீடும் மக்களவையில் விவாதம் இல்லாமல் நிறைவேறிய நாளில் எங்கள் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நிழற்குடை ஒழுகினால் பேசுகிறோம்.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. நாங்கள் உங்களைத் தேடி வருவது எதற்கு? மருத்துவமனைக்குச் சிபாரிசுக் கடிதம், ரயில் இங்கே நிற்க ஏற்பாடு, கோயில் திருவிழாவுக்குத் தலைமை, கல்யாணத்துக்கு வருகை. வராவிட்டால் ‘ஜெயிச்சதுக்கப்புறம் ஆளையே காணோம்’ என்போம். கூட்டத்தொடர் நடக்கும் வாரத்தில் தொகுதிக் கல்யாணத்தில் உங்களைப் பார்த்தால், அவைக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்துக்கொண்டேன்.

பேசியதே தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது, கைபேசியைத் திறந்தால் நீங்கள்தான். ஒன்றரை நிமிடக் காணொளி, பின்னணியில் இசை, ‘டெல்லியில் முழங்கினார்’, ‘அனல் பறந்தது’ என்று மேலே எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஒன்றில்கூட அமைச்சரின் பதில் இல்லை. கேள்வி முடிந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். பரீட்சையில் கேள்வித்தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டும் பிள்ளை மாதிரி.

பதில்தான் எங்களுக்கு முக்கியம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும், துணைக்கேள்வி கேட்கலாம். எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் 230. அந்த எழுத்துப் பதில்களில் அடிக்கடி ஒரு வாசகம் பார்த்தேன்: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும். படிக்கிறவர்கள் இதைக் கைகழுவல் என்று நினைத்துவிடுவார்கள். அவையின் கணக்கில் அது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும், அதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிகளுக்கான குழு ஒன்று இருக்கிறது. கேட்டவர் மறந்துவிட்டால் அமைச்சகமும் சந்தோஷமாக மறந்துவிடும். உங்கள் தாளில் ‘போன முறை கேட்டதற்கு இன்னும் தகவல் வரவில்லை’ என்று ஒரு வரி இருந்தால் போதும், மறப்பது கஷ்டமாகிவிடும்.

ஒற்றை உறுப்பினரால் டெல்லியில் என்ன ஆகிவிடும் என்று உங்களில் சிலருக்கே அலுப்பு இருக்கலாம். கொறடா சொன்னபடி கையைத் தூக்கவேண்டும், 1985-க்குப் பிறகு கட்சித்தாவல் சட்டம் வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1957-ல் தி.மு.க. சார்பில் மக்களவைக்குப் போனவர்கள் இரண்டே பேர், நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையிலிருந்து தர்மலிங்கம். அந்த இரண்டு பேரில் ஒருவரான சம்பத்துக்குத்தான் 1960-ல் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற வாக்கை உறுதிசெய்து கடிதம் எழுதினார். 1963-ல் ஆட்சிமொழி மசோதா வந்தபோது அண்ணா மாநிலங்களவையில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’ என்றது மசோதா. லாம் என்றால் வேண்டாம் என்றும் ஆகலாமே என்பது அவர் வாதம். அன்று அந்தச் சொல்லை மாற்றவில்லை. 1965-ல் இந்த மண்ணில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு 1967 கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு விகுதியின் அபாயத்தை முன்கூட்டியே பார்க்க, மசோதாவை வரி வரியாகப் படித்திருக்கவேண்டும் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

கிட்டத்து உதாரணமும் உண்டு. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதாக்களில் 1952-லிருந்து சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். அப்படியிருக்க ஒரு சபையையாவது தாண்டியது சாதாரணம் இல்லை. மக்களவையில் அது நிறைவேறவில்லை, 2019-ல் அரசு கொண்டுவந்த சட்டம் வேறு மாதிரியானது. என்றாலும் அரசு தன் மசோதாவை எடுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

தொகுதி மறுவரையறைப் பேச்சு வந்தபோதெல்லாம் நாம் எண்ணிக்கைக்காகக் கவலைப்படுகிறோம், நியாயமான கவலை. 1967-லேயே 41 இடம் 39 ஆனது. ஓர் இடம் குறைந்தால் என்ன குறையும் என்று வடக்கே யாராவது கேட்டால் எதைக் காட்டுவோம்? அந்த இடங்களில் உட்கார்ந்தவர்கள் கேட்டதையும் வாங்கிவந்ததையும் நம் மக்களே வாய்ப்பாடாகச் சொல்ல முடிந்தால் அல்லவா அந்த வாதம் நிற்கும்.

தாள் எப்படி இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கம் போதும். படம் வேண்டாம், ஒரு சின்னப் படம் என்றால் சரி. எத்தனை நாள் அவை கூடியது, எத்தனை நாள் போனீர்கள், போகாததற்கு என்ன காரணம். கேட்ட கேள்வி, வந்த பதில், பதிலில் உங்களுக்குத் திருப்தி உண்டா. எந்த நிலைக்குழுவில் இருக்கிறீர்கள், அது எந்த அறிக்கையைத் தந்தது. மூடிய அறையில் பேசியதைச் சொல்லவேண்டாம், வெளியான அறிக்கையைச் சொன்னால் போதும். குரல் வாக்கெடுப்பில் முடிந்த மசோதா என்றால் நீங்கள் இருந்த பக்கம் எது. அவ்வளவுதான். நல்ல தமிழாக இருக்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, உங்கள் தமிழாக இருந்தால் சரி. நூலகங்களுக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

கூடவே, 57 பேரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. சம்பத், அண்ணா, மூக்கையாத் தேவர், செழியன் போன்றவர்கள் இரண்டு அவைகளிலும் பேசியதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். கட்சி நூலகங்களில் துண்டு துண்டாகக் கிடப்பது போதாது. செழியன் 2017 ஜூன் 6-ல் வேலூரில் காலமானார், 94 வயது. அஞ்சலிச் செய்திகளில் ‘சிறந்த நாடாளுமன்றவாதி’ என்று எழுதினார்கள். அப்படி எதைப் பேசினார் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு பக்கம்கூடக் கைக்கு எட்டவில்லை.

அடுத்த கூட்டத்தொடர் முடிந்து இரண்டு வாரம் பொறுத்திருப்பேன். அதன் பிறகு என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் வருவேன், சிபாரிசுக் கடிதம் கேட்க அல்ல. தாள் தயாராக இருந்தால் ஒரு பிரதி கொடுங்கள். நிழற்குடையில் ஒட்டுவதற்குப் பசை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்